விக்கல் வைத்த கூவல்

ஓர் ஆற்றுக்கு இரண்டு கரை இருப்பதில் தப்பேதும் இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. நெடுவாய் ஆற்றின் ஒரு பக்கம் மேல்கரை, மறுபக்கம் கீழ்கரை. கீழ்கரையில் கடுகு தாளித்தால் மேல்கரையில் தும்முவார்கள். மேல்கரையில் கல்யாணம் என்றால் கீழ்கரையில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. ஓடக்காரன் தூங்கிப்போனாலும் ஓடம் பழக்கதோஷத்தில் தானே போய், ஆளை ஏற்றிக்கொண்டு, தானே திரும்பி வரும்.

அந்த நாட்களை நினைத்தால் சங்குமுத்துவுக்குச் சாயங்காலம்தான் முதலில் ஞாபகம் வரும். கீழ்கரையின் மணல்திட்டில் வெள்ளரி போட்டுப் பிழைத்தவர் அவர். பொழுது சாய்கிற நேரத்தில், ஆற்று மணலில் ஆடப்போன பிள்ளைகளை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாப்பிடக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கமில்லை. பிள்ளைக்குப் பிள்ளை ஒரு தனிக் கூவல் உண்டு. ஒன்று ஆந்தை அலறுவதுபோல் இருக்கும். ஒன்று மாட்டுவண்டி மேடேறுவதுபோல் இழுக்கும். ஊரே சேர்ந்து கூவினாலும் அவரவர் பிள்ளை அவரவர் கூவலுக்கு மட்டும்தான் தலை திருப்பும். பிள்ளை முதலடி எடுத்து வைப்பதற்குள் அதன் தாத்தா இந்தக் கூவலைக் கட்டித் தந்துவிட வேண்டும். தாத்தா இல்லாவிட்டால் அப்பனோ ஆத்தாளோ கட்டுவார்கள். கூவல் இல்லாமல் நடக்கிற பிள்ளை எங்கே போய் நிற்குமோ என்று ஒரு பயம்.

தன் மகள் வடிவுக்குச் சங்குமுத்துவே கூவல் கட்டினார். "ஓஓ... லல்லல்லே... கூ!" என்று அழகாகத்தான் யோசித்து வைத்திருந்தார். முதன்முதலாகக் கூவிய அன்று, அவசரத்தில் விழுங்கிய வெள்ளரித் துண்டு நெஞ்சில் நின்று, நடுவில் "ஹிக்" என்று ஒரு விக்கல் விழுந்துவிட்டது. குழந்தை அதற்குத்தான் சிரித்தது. மறுநாள் விக்கல் இல்லாமல் கூவினார், வரவில்லை. அன்றிலிருந்து காலமெல்லாம் அவர் ஒரு பொய் விக்கலையும் சேர்த்தே கூவ வேண்டியதாயிற்று. "ஊரில் அப்பன்மார் பிள்ளைக்காகச் சொத்து சேர்க்கிறார்கள். இவர் விக்கல் சேர்க்கிறார்" என்று அவர் மனைவி சாகிற வரைக்கும் சொல்லிச் சிரித்தாள்.

வடிவு வளர்ந்து மேல்கரையில் வாழ்க்கைப்பட்டாள். போன கொஞ்ச காலத்தில் மேல்கரைக்குப் புது அரசர் வந்தார்.

அவருக்கு நிமிர்கழுத்து வேந்தர் என்று பட்டம். பிறந்ததிலிருந்து கழுத்தை இடமோ வலமோ திருப்பியதில்லை என்பது அவருடைய பெருமை. பக்கத்தில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் எட்டு ஆட்கள் சிம்மாசனத்தையே திருப்புவார்கள். நாணயத்தில்கூட முகம் நேராகத்தான் இருக்கும்; இரண்டு காதும் தெரியும். மேல்கரை மக்கள் வேறெங்கிருந்தும் வந்தவர்கள் அல்ல, அந்த மண்ணிலேயே காளான்போல முளைத்தவர்கள் என்று அவர் சரித்திரம் எழுதுவித்தார். பிறகு ஓடத்தை நிறுத்தினார். அது பழக்கதோஷத்தில் தானே கிளம்பப் பார்த்ததால் அதற்குச் சங்கிலி போட்டுக் காவலும் வைத்தார்கள்.

இனிமேல் கீழ்கரையிலிருந்து யாராவது வர வேண்டுமானால் மேல்கரையில் இருக்கும் பிள்ளை மனுப் போட வேண்டும். வருகிறவர் பெற்றவர்தான் என்று மெய்ப்பிக்க வேண்டும். வடிவு மனுப் போட்டாள். கையில் பெண் குழந்தை, தவழ்கிற பருவம். அப்பா வந்து கூவல் கட்டித் தர வேண்டும்.

உறவுத்துறை அமைச்சர் நுணுக்கனார் பரிவாரத்தோடு படகில் வந்து கீழ்கரை மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"மனுதாரரின் தகப்பன் எனப்படுபவர் நீர்தானா?"

"எனப்படுறது என்னங்க எசமான், நான்தான் அப்பன்."

"அவசரப்படாதீர். தாய் என்பது ஒரு சம்பவம், கண்டவர்கள் இருப்பார்கள். தகப்பன் என்பது வெறும் தகவல். தகவலை அரசு சும்மா நம்பாது."

சங்குமுத்துவுக்குப் பின்னால் வரிசையில் நின்ற வாத்துக்காரி பொன்னுருவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் மேல்கரையில் ஒரு மகனை வைத்திருப்பவள். "அண்ணே, எசமானோட அப்பா தகவலா, சம்பவமான்னு கேட்டுச் சொல்லுங்க."

முதல் சட்டம் மூக்குச் சட்டம். பெற்றவர் மூக்கும் பிள்ளை மூக்கும் ஒத்துப்போக வேண்டும். சங்குமுத்துவின் மூக்கு முற்றிய கத்தரிக்காய்; வடிவுக்கு அம்மாவின் எள்ளுப்பூ மூக்கு. மனு தள்ளுபடி. சட்டம் வந்த வேகத்தில், நாளைக்கு உதவும் என்று கீழ்கரைப் பிள்ளைகளின் மூக்கையெல்லாம் தாய்மார்கள் எண்ணெய் போட்டு இழுக்கத் தொடங்கினார்கள். ஊர் முழுக்க ஜலதோஷம் வந்த பேச்சாகிவிட்டது. ஒருவர் பேசினால் மற்றவருக்குப் பாதிதான் புரிந்தது. கடைசியில் மேல்கரை அரண்மனை வாசலில் நின்ற காவலாளி ஒருவனின் மூக்குக்கும் கீழ்கரைக் குயவர் மூக்குக்கும் அச்சு அசல் ஒத்துப்போக, மூக்குச் சட்டத்தை அவசரமாக ரத்துசெய்தார்கள்.

அடுத்தது கொசுச் சட்டம். "உருவம் ஏமாற்றும், இரத்தம் ஏமாற்றாது" என்று நுணுக்கனார் அறிவித்தார். தகப்பனைக் கடித்த கொசுவைப் பெட்டியில் அடைத்து, முத்திரை வைத்து, அதிகாரி ஒருவரின் காவலில் ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய் மகளிடம் விடுவார்கள். கொசு அதே ருசியோடு மறுபடி கடித்தால் இரத்த உறவு உறுதி. வெளிக்கொசு செல்லாது, அரசாங்கக் குளத்தில் பிறந்த கொசுவாக இருக்க வேண்டும். அதற்காகக் கீழ்கரையின் நல்ல குளங்களிலெல்லாம் குப்பை கொட்டிக் கொசு வளர்த்தார்கள். ஊர் பாதி காய்ச்சலில் படுத்தது. மீதிப் பாதி அவர்களுக்குக் கஞ்சி வைத்துப் படுத்தது.

சங்குமுத்துவின் கொசு நன்றாகத்தான் கடித்தது. வழியில் காலமாகிவிட்டது.

"வருந்துகிறோம்," என்றார் நுணுக்கனார்.

"எனக்காங்க எசமான், கொசுவுக்கா?"

"கொசு அரசு ஊழியர். அதன் சாவுக்கு உமது இரத்தம் காரணமா என்று விசாரணை நடக்கிறது. அது முடியும்வரை மனு நிலுவையில் இருக்கும்."

விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே படகுக்காவலன் ஒருவன் மூலமாகச் செய்தி வந்தது. குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறதாம். சங்குமுத்து அன்று வெள்ளரிக்குத் தண்ணீர் ஊற்றப் போகவில்லை. மணலில் உட்கார்ந்து அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்திக்கு ஒரு கூவல் மனசில் எப்போதோ வந்துவிட்டது. உரக்கச் சொல்லிப் பார்க்கத்தான் தைரியம் இல்லை. வேறு ஏதாவது பிள்ளை தலை திருப்பிவிட்டால்?

பொன்னுருவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இவனுங்க மூக்கையும் கொசுவையும் புடிச்சுத் தொங்குறதுக்கு, நம்ம கூவலைக் கேட்டாப் போதாதாண்ணே? பெத்தவன் கூப்பிட்டா புள்ள திரும்பாதா?"

சும்மா சொன்ன பேச்சு. அது எந்தக் காதில் விழுந்ததோ, அடுத்த வாரமே சட்டமாகி வந்தது. வரும்போது அரசாங்கக் கை பட்டுத்தான் வந்தது.

"ஆளுக்கு ஒரு கூவல் என்றால் அதிகாரிகள் எப்படிச் சரிபார்ப்பது?" என்று நுணுக்கனார் விளக்கினார். "ஆகவே இன்று முதல் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே கூவல். 'இதனால் அழைக்கப்படுகிறாய், வருக.' தனிக் கூவல் கூவுவது தண்டனைக்குரிய குற்றம்."

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களைச் சங்குமுத்து பட்டினிச் சாயங்காலங்கள் என்று சொல்வார். பொழுது சாயும். வீடு வீடாக "இதனால் அழைக்கப்படுகிறாய், வருக" என்று ஒரே குரலில் கேட்கும். பிள்ளைகள் அசையாமல் மணலில் நிற்கும். சில நாள் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே வீட்டுக்குள் புகுந்து பானையைக் காலி பண்ணிவிட்டுப் போகும். ஆந்தைக் கூவல் இல்லை, வண்டிக் கூவல் இல்லை. ஆறு மட்டும் பழையபடி சத்தம் போட்டது. அதற்கு இன்னும் யாரும் சட்டம் போடவில்லை.

சோதனை நாள் வந்தது. மேல்கரை ஓரத்தில் திரை கட்டி, அதன் பின்னால் மனுப் போட்ட பிள்ளைகளை நிறுத்தினார்கள். கீழ்கரையில் பெற்றவர்கள். நிமிர்கழுத்து வேந்தரே வேடிக்கை பார்க்க வந்தார். சிம்மாசனத்தை மேல்கரையின் அரண்மனையைப் பார்த்த மேனிக்கு இறக்கிவிட்டு எட்டு ஆட்களும் மூச்சு வாங்கினார்கள். அவர்கள் அதைத் திருப்புவதற்குள் சோதனை தொடங்கிவிட்டது.

சங்குமுத்துவின் முறை. "இதனால் அழைக்கப்படுகிறாய், வருக," என்றார். திரை அசையவில்லை.

"மறுபடியும். கடைசி முறை," என்று நுணுக்கனார் நடு ஆற்றில் நின்ற படகிலிருந்து கத்தினார்.

திரைக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுவது அவருக்குக் கேட்டது. அந்த அழுகையில் நடை இருந்தது. நின்று அழுகிற அழுகை அல்ல. காலைத் தூக்கி வைக்கப் பார்க்கிற அழுகை. சங்குமுத்து மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ஓஓ... லல்ல—ஹிக்—லல்லே... கூ!"

திரை கிழிந்தது. இடுப்பில் குழந்தையோடு வடிவு தண்ணீரில் இறங்கி முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டாள். "அப்பா! இன்னும் அந்த விக்கல விடலையாப்பா?"

"செல்லாது!" என்று குதித்தார் நுணுக்கனார். "சட்டத்தை மீறிப் பெறப்பட்ட உண்மை உண்மையாகாது! மனு தள்ளுபடி!"

ஆனால் கீழ்கரையில் அதற்குள் பேச்சு முடிந்து கூவல் ஆரம்பித்திருந்தது. யார் முதலில் என்று தெரியாது. ஆந்தை அலறியது, வண்டி மேடேறியது. எத்தனையோ சாயங்காலங்களாக அடக்கி வைத்தது ஒரேயடியாக வந்து ஆற்றின் மேல் விழுந்தது. மேல்கரையில் ஈட்டியோடு நின்ற காவலாளிகள் தலை திருப்பினார்கள். முத்திரை வைக்கிற குமாஸ்தா கையை அந்தரத்தில் வைத்தபடி திரும்பினார். சரித்திரம் எழுதியவர் திரும்பிவிட்டு, தான் திரும்பவில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்; பக்கத்திலிருந்தவரும் திரும்பியிருந்தார்.

பொன்னுருவி தன் மகனைக் கூவி முடித்தாள். பிறகு ஏனோ இன்னொன்றும் கூவினாள். அவள் அக்கா, வெகுகாலம் முன்பு வெள்ளத்தின்போது கைப்பிள்ளையோடு மேல்கரைக்குப் போய்த் திரும்பாதவள், அந்தப் பிள்ளைக்குக் கூவியது. வாத்து சிறகடிப்பதுபோல் ஆரம்பித்து, குழைந்து குழைந்து கீழே இறங்கும். நெடுநாளாக யாரும் அதைக் கேட்டதில்லை.

நுணுக்கனார் மேல்கரைக்குத் திரும்பி, அங்கேயே சட்டம் போட்டார். கூவலுக்குத் தலை திருப்பியவர்கள் அனைவரும் அந்நியர். உடனே நாடு கடத்தப்பட வேண்டும். வடிவின் பெயரை முதலில் வாசித்தார்கள். தண்ணீரில் நின்றவளைக் காவலர்கள் படகில் ஏற்றி, முறைப்படி கீழ்கரை மணலில், நேராக அவள் அப்பனிடமே கொண்டுபோய் விட்டார்கள். மனுவால் ஆகாதது தண்டனையால் ஆயிற்று. கொண்டுவந்து விட்ட காவலர்களும் அந்தப் பட்டியலில் இருந்ததால் அங்கேயே நின்றுகொண்டார்கள். அவள் புருஷன் மட்டும் தலை திருப்பாதவன். அவனும் சாயங்காலத்துக்குள் நீந்தியே வந்து சேர்ந்தான்.

சங்குமுத்து பேத்தியை மணலில் இறக்கிவிட்டார். நாலு முழம் தள்ளிப் போய் உட்கார்ந்து, மனசில் வைத்திருந்த கூவலை எடுத்தார். விக்கல் வராமல் இருக்க வெறும் வயிற்றோடு எடுத்தார். குழந்தை அவரையே பார்த்தது. பிறகு ஒரு கால் வைத்தது.

அக்கரையில், சட்டத்தில் ஒப்பம் வாங்க நுணுக்கனார் அரசரிடம் குனிந்து போனார். குனிந்தவர் நிமிரவில்லை. எட்டு ஆட்களும் சிம்மாசனத்தை இன்னும் தொடவே இல்லை. அது அரண்மனையைப் பார்த்தபடிதான் இருந்தது. ஆனால் வேந்தரின் முகம் கீழ்கரையில் பொன்னுருவி நின்ற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, சாப்பாட்டு நேரம் தாண்டிப்போன பிள்ளையின் வாய்போல.

அன்று மாலையே அரசாங்க அறிவிப்பு வந்தது: மாமன்னருக்குக் கழுத்துச் சுளுக்கு.

வைத்தியர்கள் என்னென்னவோ தைலம் போட்டுப் பார்த்தார்கள். சுளுக்கு இறங்கவில்லை. அடுத்து வந்த நாணயத்தில் அரசரின் முகம் பக்கவாட்டில்தான் இருக்கிறது; ஒரு காது மட்டும் தெரிகிறது, ஆற்றுப் பக்கத்துக் காது. அதற்குப் பிறகு எத்தனையோ அரசர்கள் வந்துவிட்டார்கள். கையில் கிடைக்கிற நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். அவர்களும் பெரும்பாலும் எங்கேயோ ஒரு பக்கமாகத்தான் திரும்பி இருப்பார்கள்.