கோதண்டபாணிக்கு வந்த மணிக்கட்டு நோய்

எப்படியாவது தனக்கும் அந்த நோய் வந்துவிட வேண்டும் என்று கோதண்டபாணி தீர்மானம் செய்தார். வந்த நோயை விரட்டத்தான் ஊரில் எல்லாரும் அலைகிறார்கள். இவர் வராத நோயை வரவழைக்கப் புறப்பட்டார். காரணம், கூடத்தில் சாத்தி வைத்திருந்த இரண்டு மூட்டை விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை.

விதைக்கு வேண்டிய மல்லாட்டையை மெஷினில் போட்டு உடைக்க முடியாது. பருப்பு பிளந்துபோகும், தோல் போய்விடும், அப்புறம் முளைக்கவே முளைக்காது. லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு காயாக விரலால் நசுக்கித்தான் உரிக்க வேண்டும். மயிலத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊரில் அந்தச் சமயம் வீட்டுக்கு வீடு இதே வேலை. கூலிக்குக் கூப்பிட்டாலும் ஆள் வராது.

கல்யாணமான நாளிலிருந்து கோதண்டபாணி ஒரு காய்கூட உரித்ததில்லை. "அம்சா, உன் கைராசிக்குத்தான் முளைப்பு வருது. நான் தொட்டா வெளங்காது" என்று பெண்டாட்டிக்கு ஐஸ் வைத்துவிட்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். அம்சவள்ளியும் இத்தனை வருஷமாக உரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த வருஷம் அந்த ராசியான கை மக்கர் செய்தது. ராத்திரியில் மரத்துப்போனது. எழுந்து உட்கார்ந்து உதறினாள். காலையில் பிடித்த டம்ளர் தானாக நழுவி விழுந்தது. கோதண்டபாணி பயந்துபோனார். அதில் பொய் இல்லை, அவள்மேல் அவருக்குப் பிரியம் உண்டு. மறுநாளே விழுப்புரத்துக்கு அழைத்துப்போனார். ஆனால் டாக்டர் கவிதா கையைத் தொட்டுத் தட்டிப் பார்த்த நேரத்தில் இவர் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது வைத்தியம் மட்டும்தான் காதில் விழுந்தது.

"மணிக்கட்டுல நரம்பு போற வழி குறுகல். அங்க வீக்கம் வந்து நரம்பை அமுக்குது. ஆரம்பம்தான், ஆபரேஷன் வேண்டாம். தூங்கும்போது இந்தப் பட்டையைக் கட்டிக்கங்க, மணிக்கட்டு மடங்காம நேரா இருக்கும். நான் காட்டின விரல் பயிற்சியைச் செய்யுங்க. அப்படியும் கேக்கலைன்னா ஒரு ஊசி போட்டுப் பாக்கலாம். மல்லாட்டை உரிக்கிறதை மட்டும் இன்னியோட நிறுத்திடணும்."

கடைசி வாக்கியத்தில் கோதண்டபாணிக்குக் குடித்த டீ தொண்டைக்கு வந்தது. அவள் உரிக்கக் கூடாது என்றால் வீட்டில் மிச்சம் இருப்பது யார்?

அவரும் நோயாளி ஆகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கண்டமங்கலத்து மச்சானை வரவழைத்து உரிக்க வைத்துவிடலாம். அதற்கு முதலில் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்வி கேட்டறியாத மனிதர் அன்றைக்கு மாணவரானார்.

"ஏன் அம்சா, அந்த வலி எப்பிடி இருக்கும்?"

"இன்னாங்க, திடீர்னு?"

"சும்மா தெரிஞ்சிக்கலாம்னுதான். ஊசி குத்துற மாதிரியா, எறும்பு ஊர்ற மாதிரியா?"

"ரெண்டும்தான்."

"உள்ள டாக்டரம்மா இன்னா பண்ணிப் பாத்தாங்க?"

"ரெண்டு புறங்கையையும் ஒட்ட வச்சி, விரலைக் கீழ தொங்க விட்டுக்கினு இருக்கச் சொன்னாங்க. அப்பறம் மணிக்கட்டுல தட்டனாங்க."

"தட்டனா?"

"விரல்ல ஷாக் அடிக்குது."

"எந்த விரல்ல?"

அம்சவள்ளி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கூடத்து மூட்டைகளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"சுண்டு விரல்லதாங்க. அதுல மட்டும்தான். உயிரே பூடும்."

கோதண்டபாணி மனப்பாடம் செய்துகொண்டார். அவள் இல்லாத நேரத்தில் புறங்கைகளை ஒட்டி வைத்துக் கண்ணாடி முன் நின்று முகம் சுளித்துப் பழகினார். அவளுடைய பட்டையையும் ஒருதரம் மாட்டிப் பார்த்தார். அம்சமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தோசைத் தட்டு கீழே விழுந்தது.

"அம்சா! எனக்கும் அதே பேஜாரு வந்துட்ச்சி!"

"ஐயையோ! எந்த விரலுங்க?"

"சுண்டு விரலு!"

"அதேதான்! ஜல்தியா டாக்டராண்ட காட்டிடலாம். என்னையும் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க."

"அதுவரைக்கும் மல்லாட்டை?"

"கெடக்கட்டும்ங்க. உங்க கைதான் முக்கியம்."

கோதண்டபாணிக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. இவ்வளவு வெகுளியை ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தியது. ஆனாலும் கை விரலைத் தொங்கப் போட்டுக்கொண்டேதான் பஸ் ஏறினார்.

அம்சவள்ளிக்குக் குணம் தெரிந்தது. ராத்திரி தூக்கம் வருகிறது என்றாள். ஊசி தேவைப்படாது, பட்டையையும் பயிற்சியையும் விடாதீங்க என்றார் டாக்டர். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எங்க மரக்குது?"

"சுண்டு விரலு டாக்டர். உயிரே போவுது!"

டாக்டர் மணிக்கட்டைத் தட்ட விரலை ஓங்கினார்.

"ஆ!"

"நான் இன்னும் தட்டவே இல்லைங்களே."

டாக்டர் தட்டினார். இன்னொரு "ஆ" வந்தது.

"மத்த விரலெல்லாம்?"

"அதெல்லாம் ஜம்முனு இருக்கு டாக்டர்."

"இந்த நரம்பு சுண்டு விரலுக்குப் போறதே இல்லைங்க. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரல்ல பாதி, அவ்வளவுதான். சுண்டு விரலுக்கு வேற நரம்பு, முழங்கை வழியா வருது. எதுக்கும் அதையும் பாத்துடலாம்."

முழங்கையைத் தட்டினார். பஞ்சால் விரல்களைத் தடவினார். கடைசியில் தன் கையை நீட்டி, "பலம் இருக்கான்னு பாப்போம், இறுக்கிப் பிடிங்க" என்றார். பலம் என்ற சொல்லைக் கேட்டதும் கோதண்டபாணிக்கு நோய் மறந்துபோனது. திமிறும் மாட்டை இழுத்துக் கட்டுகிற கையல்லவா! ஒரு பிடி பிடித்தார். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"போதும், விடுங்க! உங்க கைக்கு ஒரு குறையும் இல்ல."

"மல்லாட்டை உரிக்கலாமா டாக்டர்?" என்று அம்சவள்ளி பணிவாகக் கேட்டாள்.

"தாராளமா."

திண்டிவனம் பஸ்ஸில் கோதண்டபாணி இரண்டு டிக்கெட் எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏன் அம்சா, டாக்டராண்ட நீ எந்த விரலுன்னு சொன்ன?"

"கட்டை விரலு, ஆள்காட்டி விரலுன்னுதான் சொன்னேன். டாக்டராண்ட மாத்திச் சொன்னா வைத்தியம் தப்பாப் பூடுமே."

"அப்ப எங்கிட்ட?"

"நீங்க இன்னா, வைத்தியம் பண்ணவா கேட்டீங்க?"

கூட்டேரிப்பட்டில் இறங்கும்வரை கோதண்டபாணி வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய் மூட்டையைத்தான் திறந்தார்.