அழைப்பொலிப் பதிவுப் பிரிவு

ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் அதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பது பெயர் எழுதித் தருகிற ஆபீஸில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மந்தைவெளியில் அப்படி ஓர் ஆபீஸ் இருந்தது. குடிமக்கள் பெயர் சேர்ப்பு மற்றும் சீரமைப்பு அலுவலகம் என்று வாசலில் பலகை. பிள்ளைக்கு முதலில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்காது அல்லவா, அதைச் சேர்க்க அங்கேதான் போக வேண்டும். கிளார்க் பாலு ஜன்னலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருநாள் "லலிதா" என்று கூப்பிட்டார். ஹாலில் இருந்த லலிதாக்கள் எல்லாரும் எழுந்து வந்தார்கள். அந்தக் குழப்பத்தில் ஒரு லலிதா இன்னொரு லலிதாவின் வீட்டுக்காரர் பெயரோடு வீட்டுக்குப் போய்விட்டார். அவரைத் திருப்பி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்த வாரம் ஜமீலுன்னிசா என்ற பெயரை பாலு மூன்று தவணையாகப் பிரித்துக் கூப்பிட்டார். மூன்று வேறு பெண்கள் வந்தார்கள்.

அதிகாரி துரைராஜ் புதிதாக மாற்றலாகி வந்தவர். நவீன சிந்தனை உள்ளவர். அவருடைய போனில் மேலதிகாரி கூப்பிட்டால் நாகஸ்வரம் கேட்கும், வீட்டம்மா கூப்பிட்டால் சங்கு ஊதும், மற்றவர்கள் கூப்பிட்டால் எதுவும் கேட்காது. அவர் தீர யோசித்து ஓர் ஆணை போட்டார்.

"இனி இவ்வலுவலகத்தில் எவரும் பெயர் சொல்லி அழைக்கப்பட மாட்டார்கள். மனுதாரரின் கைபேசிக்கு அலுவலகத்திலிருந்து மணி அடிக்கப்படும். எவருடைய கைபேசி ஒலிக்கிறதோ, அவரே அவர்."

ஆணையைப் படித்தவர்கள், இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லையே என்று ஆச்சரியப்பட்டார்கள். மறுநாள் பாலு ஒரு நம்பருக்கு மணி அடித்தார். ஹாலே எழுந்து நின்றது. எல்லாருடைய போனிலும் கம்பெனி வைத்துக் கொடுத்த ஒரே பாட்டு.

ஆகவே இரண்டாவது ஆணை வந்தது. ஒவ்வொரு மனுதாரரும் தனக்கென்று ஒரு ரிங்டோன் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்கக் கூடாது. அதைப் பதிந்து அனுமதி வாங்கிய பிறகே மனு நகரும். இதற்காக அழைப்பொலிப் பதிவுப் பிரிவு திறக்கப்பட்டு, பாலு அதற்குப் பொறுப்பாளர் ஆனார். அவர் போனுக்கு மட்டும் ரிங்டோன் கிடையாது. அவருடைய கிரேடுக்குப் பதவி உயர்வு வரும் வரை அதிர்வுதான் என்று துரைராஜ் சொல்லிவிட்டார்.

புஷ்ரா அந்த ஆபீஸுக்கு வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் வந்தாள், மூன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. மகளை எல்லாரும் ஆயத் என்று கூப்பிட்டாலும் சான்றிதழில் அந்த இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பெயர் போட்ட சான்றிதழ் கொண்டு வராவிட்டால் சீட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று வேளச்சேரிப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் சைஃபுக்கு பாண்டிபஜார் துணிக்கடையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் புஷ்ராவுக்கு வாய் வராது. அவளுடைய போன்கூட எப்போதும் சைலண்ட்டில்தான் இருக்கும்.

"ரிங்டோன் இன்னா?" என்றார் பாலு, தலை நிமிராமல்.

"எங்க போன் அடிக்காது சார்."

"அடிக்காத போனுக்கு ஆள் கிடையாதும்மா. வெச்சுக்கினு வா."

பெஞ்சில் பக்கத்தில் இருந்த சொர்ணம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிறவள். பேத்தி பெயரைச் சேர்க்க வந்திருந்தாள்.

"இன்னாமே, மொதோ தபாவா? இவனுங்களுக்கு மூளைன்னு ஒண்ணு கீதா பாரு. நான் வஞ்சிரம், சங்கரா, நெத்திலின்னு கூவி அதையே போன்ல வெச்சுக்கினு வந்தேன். அது அடிச்சதும் உள்ள கீற பெரிய மேடம் பையைத் தூக்கினு வெளிய வந்துடுச்சி. கிலோ இன்னா வெலைன்னு கேக்குது."

"அப்புறம் என்னக்கா ஆச்சு?"

"அலுவல் நேரத்துல மீன் ஏவாரம் பண்றேன்னு கேன்சல் பண்ட்டான் அந்த ஆபீசரு. இப்ப வேற ஒண்ணு தேடினு கீறேன்."

ஹாலில் எல்லாரும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு மாமி குக்கர் விசில் வைத்திருந்தார். மூன்றாவது விசில் வந்ததும் பாதிப் பெண்கள் அடுப்பை அணைக்க எழுந்துவிட்டதால் அது ரத்து. ஒருத்தர் தண்ணி லாரி ஹாரன் வைத்தார். அன்றைக்கு ஹாலில் ஒருத்தரும் மிஞ்சவில்லை, எல்லாரும் குடத்தை நினைத்து ரோட்டுக்கு ஓடிவிட்டார்கள். பக்திப் பாட்டு வைத்தால் கேட்கிறவர்கள் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், எழுந்தவர்களில் மனுதாரர் யார் என்று தெரியவில்லை, ஆகவே பக்தியும் ரத்து.

ஆபீஸுக்கு எதிரே தௌசீஃப் போன் கடை வைத்திருந்தார். அதற்கு முன்னால் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த கடை, இப்போது 'அலுவலக அங்கீகாரத் தரத்தில் ரிங்டோன்' என்று போர்டு வந்துவிட்டது. தி. நகரிலும் இது பேஷன் ஆகிவிட்டதாக அவர் சொன்னார். கல்யாணத்துக்கு ஜாதகத்தோடு ரிங்டோனும் கேட்கிறார்களாம்.

"ரொம்ப ஈஸிம்மா. ஆபீஸ் நம்பரை மொதல்ல சேவ் பண்ணு. அதைத் தொட்டு உள்ள போனா ரிங்டோன்னு வரும். அந்த ஒரு நம்பருக்கு மட்டும் தனியா பாட்டு வெச்சுடலாம், மத்தவங்க கூப்பிட்டா உன் போன் வாயே தொறக்காது. என்ன பாட்டு வேணும்?"

"யாருமே வெக்காதது வேணும்ணே."

"அப்படி ஒண்ணு இப்ப மெட்ராஸ்லயே இல்ல. ஆட்டோ மீட்டர் சத்தம்கூட நேத்து போயிருச்சு."

புஷ்ரா யோசித்தாள். மகளை மடியில் உட்கார வைத்து, போனை வாய்க்கு நேராகப் பிடித்து, உன் பேர் என்னம்மா என்றாள். குழந்தை இழுத்து இழுத்து, பாட்டு மாதிரி, "என் பேரு ஆயத்" என்றது. இப்படி ஒன்று ஊரில் இன்னொருத்தரிடம் இருக்க முடியாது.

துரைராஜ் அதைக் காதில் வைத்துக் கேட்டார். திரும்பவும் கேட்டார்.

"ஆயத் யாரு?"

"என் பொண்ணு சார்."

"சான்றிதழ்ல அப்படி யாரும் இல்லையே."

"அதுக்குத்தான் சார் வந்திருக்கேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். இல்லாத ஒரு பேரை அரசாங்க ஆபீஸ்ல எப்படிம்மா ஒலிக்க விடறது? முதல்ல பேரைச் சேருங்க. சேர்த்த பிறகு எத்தனை தடவை வேணும்னாலும் அடிச்சுக்கங்க."

"பேரைச் சேக்கத்தான் சார் ரிங்டோன் கேக்கறாங்க."

"கரெக்ட். அதனால பேர் இல்லாத ரிங்டோனா கொண்டு வாங்க. குரல் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு ஆட்சேபணை இல்ல."

தௌசீஃப் பெயரை மட்டும் வெட்டிக் கொடுத்தார். இப்போது போன் அடித்தால், "என் பேரு... என் பேரு..." என்று சொல்லிவிட்டு நிற்கும். பாலு பதிந்துகொண்டார், துரைராஜ் ஒப்பம் வைத்தார். குழந்தைதான் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் அது ஓடி வந்து "ஆயத்" என்று முடித்தது. ஹாலில் அப்படி முடித்தால் அனுமதி போய்விடுமே என்று புஷ்ராவுக்குப் பயம். வீட்டில் உட்கார வைத்துப் பழக்கினாள். என் பேரு என்றதும் உதட்டில் விரலை வைப்பாள். அடம் பிடித்து, அழுது, கடைசியில் குழந்தை 'என் பேரு'வோடு நிறுத்தக் கற்றுக்கொண்டது. கெட்டிக்காரக் குழந்தை என்று சைஃப் மெச்சினான்.

வெள்ளிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. ஒருவர் போன் நாய் மாதிரிக் குரைத்தது, அவர் பெருமையாக எழுந்து போனார். ஒருவர் போன் இருமியது. பக்கத்தில் இருந்தவர்கள் நல்ல டோன் என்று பாராட்டினார்கள். சொர்ணம் படகு மோட்டார் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தைப் பிடித்து வந்து அனுமதியும் வாங்கியிருந்தாள்.

"நாலு நாளு அலைஞ்சி, தம்பிங்க கையில கால்ல வுழுந்து, கட்டுமரத்துல உக்காந்து எடுத்தது," என்று பெஞ்சு முழுவதும் போட்டுக் காட்டினாள். "இது எவன்கிட்டயும் கெடையாது."

மதியத்துக்கு மேல் பாலு புஷ்ராவின் நம்பரை அடித்தார். நீங்கள் தொடர்புகொண்ட எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. ரயிலில் வரும்போது குழந்தை பொம்மைப் படம் பார்த்ததில் சார்ஜ் முழுவதும் தீர்ந்திருந்தது. சுவரில் பிளக் இருந்தது. அதற்கு மேலே 'அலுவலர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

புஷ்ரா ஜன்னலுக்குப் போனாள். "சார், அது நான்தான் சார்."

"நீதான்னு எனக்குத் தெரியும்மா. போன் சொல்லணுமே."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து பாலுவுக்கு மனசு கேட்கவில்லை. ஹாலை ஒருதரம் பார்த்துவிட்டு, மெதுவாக, "சரி புஷ்ரா, பேப்பரைக் குடு" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஹாலில் ஒரு பெயரைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. எல்லாத் தலையும் திரும்பியது.

"இன்னா சார், பேர் சொல்லிக் கூப்புட்றே?" முதலில் எழுந்தவள் சொர்ணம். "அப்ப நாங்கள்லாம் வேலவெட்டி இல்லாம கட்டுமரத்துல குந்திகினு இருந்தோமா?"

"விதின்னா எல்லாருக்கும் விதி," என்றார் நாய் வைத்திருந்தவர்.

"நான் குக்கர் போயி, மிக்ஸி போயி, இப்போதான் ஆத்துக்காரர் கொறட்டையை வெச்சுண்டு வந்திருக்கேன்," என்றார் மாமி. "அவா மட்டும் சும்மா போயிடுவாளா?"

சத்தம் கேட்டு துரைராஜ் வெளியே வந்தார். பொதுமக்கள் தன் ஆணையின் மேல் இவ்வளவு பற்று வைத்திருப்பதை அவர் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தார்.

"பொதுமக்கள் சொல்வது நியாயம். மனுவைத் திருப்பிடுங்க பாலு."

புஷ்ரா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குழந்தை எல்லாரையும் பார்த்தது. ஹாலில் பாடினால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அதற்குப் பழக்கியிருந்தது.

"என் பேரு... என் பேரு..." என்று பாடிவிட்டு நிறுத்திக்கொண்டது.

துரைராஜ் பதிவுப் பிரிவில் வைத்திருந்த ஒலியைப் போடச் சொல்லிக் கேட்டார். குழந்தையை இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டார்.

"உன் பேர் என்ன பாப்பா?" என்று தன் பங்குக்கும் ஒரு கேள்வி கேட்டுச் சோதித்தார்.

"என் பேரு," என்றது குழந்தை. அவ்வளவுதான்.

"பதிவில் எந்த இடத்தில் நிற்கிறதோ அதே இடத்தில் நிற்கிறது," என்று துரைராஜ் அறிவித்தார். "ஒலி மனுதாரரிடமிருந்து வந்தால் போதும். போன் வழியாகத்தான் வர வேண்டும் என்று இரண்டாவது ஆணையில் இல்லை."

பொதுமக்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. சிலர் கை தட்டினார்கள். சான்றிதழ் அச்சாகி வந்தது. காலியாக இருந்த இடத்தில் ஆயத் என்று கறுப்பு மையில் இருந்தது. புஷ்ரா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ரயிலைப் பிடித்தால் பள்ளிக்கூடம் மூடுவதற்குள் போய்விடலாம். வாசல் வரைக்கும் வந்துவிட்டாள்.

அடுத்த ஆள் குலாம் முகம்மது. மெத்தை தைக்கிறவர். அவர் மகள் ஃபிசாவுக்கும் அதே பள்ளிக்கூடத்தில் சீட்டு, அதே வெள்ளிக்கிழமைதான் கடைசி. அவர் கையில் இருந்தது பழைய பட்டன் போன், அதில் அது தானாகப் போடுகிற ஒரு சத்தத்தைத் தவிர வேறு ஏறாது. வாரம் முழுவதும் அவர் மனு நகரவில்லை. ஹாலில் எல்லாரும் களைத்துப்போய் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைராஜும் ஆயத்தின் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட கையோடு இளகிப்போய்த்தான் நின்றிருந்தார். இதுதான் சமயம் என்று பாலு கையால் ஜாடை காட்டினார்.

"குலாம் பாய், சட்டுனு வாங்க."

அவர் எழுந்தார். யாரும் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு இரண்டடிதான் இருந்தது.

"அவருக்கு மட்டும் எப்படி சார் பேர் சொல்லிக் கூப்பிடறீங்க?"

வாசல் பக்கமிருந்து வந்த அந்தக் குரலை ஹாலில் யாரும் அதுவரை கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தார்கள். புஷ்ரா நின்றிருந்தாள், கையில் சான்றிதழோடு.

"என் போன்ல இது வராதும்மா," என்றார் குலாம் முகம்மது. "நீயே பாரு, பட்டன் போனு."

"எங்க போன்லயும்தான் வரல. எங்க புள்ள வாயால பாடுச்சு இல்ல?"

"சரியாக் கேட்டாங்க," என்றார் நாய் வைத்திருந்தவர். மாமி ஆமோதித்தார். துரைராஜ் நிமிர்ந்து நின்று, பொதுமக்களின் கோரிக்கைப்படியே என்று எழுதி, குலாம் முகம்மதின் மனுவை மூடினார். திங்கட்கிழமை ஒரு டோனோடு வரச் சொன்னார். குலாம் முகம்மது தன் போனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போனார்.

சொர்ணம் புஷ்ராவின் தோளில் தட்டினாள்.

"வாயில்லாப் பூச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்மே. நாலு பேரு முன்னால நறுக்குனு கேட்டே போ. இப்டித்தான் இருக்கணும்."

புஷ்ராவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. துப்பட்டாவை இழுத்து வாயை மூடிக்கொண்டு, ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.