சூரணத்துக்குப் போன ஒப்பாரி

ஒரு காட்டில், வானொலிக் குழாய் கட்டாத மரமே மிச்சமில்லாத காலத்தில், வடிவாம்பாள் என்ற கொண்டைக்குருவி இருந்தாள். அவள் கணவனைச் சாரைப்பாம்பு விழுங்கிவிட்டது. அந்தத் துக்கத்தில் ஓர் ஒப்பாரி கட்டினாள். வருஷத்துக்கு ஒருமுறை, திவசத்தன்று மட்டும், உறவுகளை உட்காரவைத்துப் பாடுவாள். மற்ற நாளில் சிங்கமே வந்து கேட்டாலும் கிடையாது. கணவனுக்கென்று அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஒருநாள் விளம்பரக் கம்பெனி உடும்பு மரமேறி வந்தது.

"அம்மா, உங்க பாட்டைக் கேட்டா வயித்தைப் பிசையுது. எங்களுக்கு அதுதான் வேணும். பாம்புகளுக்கு மருந்து ஒண்ணு போட்டிருக்கோம். சுகவயிறு சூரணம், ஏப்பம் உறுதி!"

"என் புருஷன் செரிக்கிறதுக்கு நான் பாடணுமா?"

"அவர் செரிச்சு ரொம்ப நாளாச்சேம்மா. இது இனிமே போறவங்களுக்கு."

வடிவாம்பாள் கொத்திய கொத்தில் உடும்பு கிளையை விட்டுக் கீழே விழுந்தது. உடும்பே பிடியை விட்டதா என்று காடே வியந்தது. மயில் பாராட்டுக் கூட்டம் நடத்தி, கலைஞரின் மானம் என்ற தலைப்பில், தன் தோகையைப் பற்றி நெடுநேரம் பேசியது.

அடுத்த வாரம் எல்லாக் குழாயிலும் ஒப்பாரி கேட்டது. அவள் குரல், அவள் விம்மல். நீளத்தை மட்டும் வெட்டி, முடிவில் சூரணத்தின் பெயரையும் "ஏப்பம் உறுதி!" என்பதையும் ஒட்டியிருந்தார்கள். பாடியது பக்கத்து மரத்து மைனா.

"ஏண்டி இப்படிப் பண்ணினே?"

"நீங்கதானே வேண்டாம்னீங்க அக்கா? நல்ல வாய்ப்பு வீணாப் போகுதேன்னு பார்த்தேன். ஆனா ஒரு இடத்துல சுருதி பிசகியிருக்கா, சொல்லுங்க?"

பிசகவில்லை. அதுதான் வம்பு. மைனா பாடியது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. "எவ்வளவுக்கு முடிச்சே?" என்று மயிலே ரகசியமாகக் கேட்டது.

வடிவாம்பாள் காட்டின் நீதிபதியான கரடியிடம் வழக்குப் போட்டாள். இருவரையும் பாடச் சொன்னது கரடி. மைனா விளம்பரத்தில் பாடியபடியே பாடியது. வடிவாம்பாள் முழு ஒப்பாரியையும் பாடி, கடைசி விம்மலில் நிறுத்தினாள். கரடி காத்திருந்தது.

"மீதி?"

"அவ்வளவுதாங்க."

"ஏப்பம் எங்கேம்மா?"

சாட்சிக்கு வந்த சாரைப்பாம்பு தலையைத் தூக்கியது. "நான் சாப்பிட்டதும் தினம் கேக்குற பாட்டுங்க இது. இந்தம்மா ரொம்ப இழுக்குது. முடிவும் தெரியல. போலிதான்."

கரடி தீர்ப்புச் சொன்னது: சுகவயிறு விளம்பரப் பாட்டை வடிவாம்பாள் இனி அரைகுறையாகப் பாடக் கூடாது. பாடுவதானால் முழுதாகப் பாடலாம். கண்காணிக்க ஒரு குரங்கு நியமிக்கப்படும்.

திவசம் வந்தது. பாடாவிட்டால் கணவன் அழுவாரற்றுப் போவான். பாடினாள். கடைசி விம்மல் வந்தது. குரங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. அவள் உறவுகளைப் பார்த்தாள். ஒரு கண்ணிலும் ஈரமில்லை. எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள்.

வடிவாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். "சுகவயிறு சூரணம்," என்றாள்.

"ஏப்பம் உறுதி!" என்று கூட்டம் மொத்தமும் கதறி அழுதது. இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு உருக்கமாகப் பாடியதே இல்லை என்று சித்தப்பா முறையான ஒரு குருவி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னது.

நீதி: ஒப்பாரி கட்டுகிறவர்கள் கடைசி வரியைக் காலியாக விட்டுக் கட்டுவது நல்லது. அழுகிறவர்களுக்கும் வசதி, வியாபாரத்துக்கும் வசதி.