சுவரில் தொங்கிய மாப்பிள்ளை

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த அந்த பியர்க்கடையின் சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழைந்ததும் விக்னராஜா முதலில் கண்டது தன்னைத்தான். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், இருபது வயது குறைந்த விக்னராஜா ரப்பர் சப்பாத்து போட்டு, பியர் பீப்பாயைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே 'எங்கள் தொடக்கம், பரமற்றா, 1984' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"மாமா எங்க?" என்று மனைவி யோகாவிடம் கேட்டான்.

"அப்பா காரை நிப்பாட்டிப்போட்டு வாறார். ஏனப்பா உங்களுக்கு இப்பிடி வேர்க்குது?"

வேர்க்காமல் என்ன செய்யும்? மாமனார் மகேந்திரராஜா பியர் மணத்துக்கே மூக்கைப் பொத்துகிறவர். தபால் கந்தோர்ச் சம்பளத்தில் குவேக்கர்ஸ் ஹில்லில் இரண்டு வீடு கட்டியவர். "நான் ஒரு துளி தொட்டதில்லை, அதுதான் மிச்சம்" என்பார். இன்று அவருடைய எழுபதாவது பிறந்தநாள். "இஞ்ச மீன் நல்லதாம். ஞாயிற்றுக்கிழமையில முதலாளியும் வரமாட்டாராம், கரைச்சல் இல்லை" என்று அவரே இந்த இடத்தைச் சொன்னபோது விக்னராஜாவுக்கு மறுக்க வாய் வரவில்லை.

பியரை அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்கும் இந்த வியாபாரத்தை, விக்னராஜாவும் டெனிஸ் என்ற வெள்ளைக்கார நண்பனும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய கராஜில்தான் தொடங்கினார்கள். இரண்டாம் வருடம் யோகாவின் சம்பந்தம் பேசி வந்தது. "குடிவகையோட தொடுசல் உள்ளவனுக்கு என்ர பிள்ளை இல்லை" என்று பெண்ணின் தகப்பன் பொதுவான நிபந்தனையாகத் தரகரிடம் சொல்லி அனுப்பினார். யார் வாங்கினால் என்ன என்று ஒரு வக்கீல் கந்தோரில் கையெழுத்து வைத்துத் தன் பாதியை விற்றுவிட்டு, டெனிஸின் முகத்தில்கூட முழிக்காமல், தண்ணீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தான் விக்னராஜா. என்றைக்குமே அங்கேதான் வேலை என்று தரகரிடம் ஒரு பொய்யும் சொன்னான்.

அதற்குப் பிறகு கடை வளர்ந்த வளர்ச்சி! பென்றித், லிவர்பூல் என்று கிளை கிளையாகத் திறந்தார்கள். ஒவ்வொரு திறப்புவிழாப் படத்தையும் பத்திரிகையில் பார்த்து அவன் வயிறெரிந்தான். யோகாவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யோகாவும் பியரும் சேர்ந்தே கிடைத்திருக்கக் கூடாதா?

இப்போது அவன் தன் கோட்டைக் கழற்றிப் படத்தின் மேல் தொங்கவிட்டான்.

"அங்கிள், கோட்டு மாட்ட அங்க இடம் இருக்கு லா" என்று பரிமாறும் பெண் திலகம் அதை எடுத்தாள். மலேசியாவிலிருந்து படிக்க வந்தவள். படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இது நீங்கதானே?"

"இல்லைப் பிள்ளை. என்ர தம்பி."

"அப்படியா! இவர் இப்ப எப்படி இருக்காரோன்னு பாஸ் எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. இன்னிக்கு மேலதான் இருக்காரு. உங்க தம்பி இப்ப எங்க?"

"செத்துப்போனான்" என்றான் விக்னராஜா. அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தான்.

திலகம் கண்கலங்கி மாடிக்கு ஓடினாள். சற்று நேரத்தில் டெனிஸ் சிவந்த கண்களோடு இறங்கிவந்து ஒலிவாங்கியைப் பிடித்தான். தன் முதல் பங்காளி காலமாகிவிட்டான் என்றும், அவனில்லாமல் இந்தக் கடையே இல்லை என்றும் ஆங்கிலத்தில் தழுதழுத்தான். மண்டபமே எழுந்து மௌன அஞ்சலி செலுத்தியது. யோகாவும் யாரென்று தெரியாமலே தலைகுனிந்து நின்றாள். அந்த ஒரு நிமிடத்தில் உண்மையாகவே துக்கப்பட்டவன் விக்னராஜாதான்.

அந்த நேரம் பார்த்து மகேந்திரராஜா உள்ளே வந்தார். டெனிஸைக் கண்டார். வந்த வழியே திரும்பினார். பியர் மணம் பிடிக்கவில்லையாக்கும் என்று விக்னராஜா நினைத்தான்.

"அப்பா, எங்க போறியள்? இஞ்ச வாங்கோ!" என்று யோகா ஓடிப்போய் அவரை இழுத்துவந்தாள்.

அதற்குள் டெனிஸ் இறந்தவனின் அண்ணனுக்கு ஆறுதல் சொல்ல வந்து, கட்டிப்பிடித்து, விலகி, முகத்தை உற்றுப் பார்த்தான். "விக்கி! நீ உயிரோடுதானே இருக்கிறாய்!"

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. விக்னராஜா மாமனாரின் கைகளைப் பிடித்தான். "மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இது என்ர கடை. உங்கட சொல்லுக்காக வித்தனான். பொய் சொல்லித்தான் யோகாவைக் கட்டினனான்."

மகேந்திரராஜா முகட்டைப் பார்த்தார். "பழசை விடும் தம்பி. மீன் ஆறப்போகுது."

இவ்வளவு பெரிய மனமா என்று விக்னராஜாவுக்குக் கண் நிறைந்தது. இது தெரிந்திருந்தால் விற்றே இருக்க வேண்டாமே என்றும் நினைத்தான்.

டெனிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவரா உன் மாமனார்? அன்றைக்கு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்து, மூன்று மணி நேரம் பியரைப் பற்றியே விசாரித்தார். கல்யாணம் சரிவரவில்லை, நீ கனடா போய்விட்டாய் என்று சொல்லி, உன் பாதியை வாங்கியதே இவர்தானே!"