சருகைப் பெருக்கிய மாப்பிள்ளை

சேரப்பணஞ்சேரி,
ஆவணி, 2005.

பாபநாசம் மலையடிவாரத்தில் தோட்டமும் துரவுமாக வாழும் அன்பு மைத்துனர் நெல்லையப்பனுக்கு, அத்தான் வனமாமலை எழுதுவது. இங்கு உம் அக்காள் சௌக்கியம். அவள் மூட்டுவலி அதைவிடச் சௌக்கியம். உம் வீட்டாரும், தோட்டத்துப் பலாவும் மிளகும், காட்டிலிருந்து வந்துபோகும் குரங்குகளும் நலமாயிருக்கத் தெய்வம் துணை செய்யட்டும். இனிமேல் தெய்வம்தான் துணை.

காட்டை ஒட்டிய உம் தோட்டத்தில் இயற்கை விவசாயமும், காடு பார்க்க வருவோர் தங்கக் குடிலும் அமைத்துத் தருவதாக என் மாப்பிள்ளை மணிகண்டபிரபு சொன்னாராம். நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர். கொடுக்காதீர். காரணத்தை உட்கார்ந்து படியும்.

மாப்பிள்ளை ஒரகடத்துக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்பது உமக்குத் தெரியும். அங்கே ஃபைவ் எஸ் என்று ஒரு வேதம். வேண்டாததை எறி, வேண்டியதை அடுக்கு, பெருக்கித் துடை, கோடு போடு. இதில் மாப்பிள்ளை கரைகண்டவர். என் மகள் முத்துச்செல்வியின் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கும் சீரகத்துக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டியவர். எங்கள் ஊருக்குப் பின்னால் எல்லையம்மன் காடு இருக்கிறது. அம்மனுக்குப் பயந்து யாரும் அதில் ஒரு சுள்ளிகூட ஒடிப்பதில்லை. அதனால்தான் சுற்றிலும் பிளாட் போட்ட பிறகும் காரையும் நாவலும் வெப்பாலையுமாக அது பிழைத்துக் கிடந்தது; மரநாய், ஆந்தை, செம்போத்து எல்லாம் அதில் குடியிருந்தன. இதைக் காப்பாற்றி, ஓரத்து நிலங்களில் மருந்தடிக்காமல் பயிர் வைத்து, சுற்றுலா நடத்தி, ஊருக்கும் நாலு காசு வரச் செய்வதென்று கம்பெனி முடிவெடுத்தது. நல்ல காரியம்தான், நானே கைதட்டினேன். பொறுப்பை மாப்பிள்ளையிடம் கொடுத்தார்கள்.

காட்டுக்குள் நுழைந்தவர் முதலில் பார்த்தது சருகை. "மாமா, ஹவுஸ்கீப்பிங் ரொம்ப மோசமா இருக்கு" என்றார். மறுநாளே ஓவர்டைம் கூலி பேசி ஆட்களைக் கூட்டிவந்து, கல்யாண வீட்டைப் பெருக்குவதுபோல் காட்டைப் பெருக்கிவிட்டார். சருகோடு புழு பூச்சி போயிற்று, அதைத் தின்ன வந்த பறவையும் போயிற்று. புற்றுகள் எல்லாம் தரைமட்டம். வேண்டாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டுவது கம்பெனி வழக்கமாம். பட்டுப்போன நாவல் மரத்துக்கும் ஒன்று கட்டி, வெட்டி எடுத்துப்போனார்கள். ஆந்தை அதன் பொந்தில்தான் இருந்தது. இப்போது அந்த இடத்தில் மஞ்சள் கோடு போட்டு 'ஆந்தை' என்று பலகை வைத்திருக்கிறார். "ஆத்தா சும்மா வுடாது சார்" என்று பூசாரி சுப்பன் பயமுறுத்தினான். அவனுக்கு ஹெல்மெட்டும் அடையாள அட்டையும் கொடுத்தார்கள். ஆத்தா சமாதானமாகிவிட்டாள்.

விவசாயத்தையும் கேளும். காட்டோரத்துச் சந்திரம்மாள் தன் வெண்டைச் செடிக்குச் சாணமும் கோமியமும் தொட்டியில் ஊறப்போட்டிருந்தாள். வாடை விருந்தாளிகளுக்கு ஆகாது என்று மாப்பிள்ளை அதில் ஃபினாயிலைக் கொட்டினார். அதை ஊற்றியதும் செடி சுருண்டது. "செடிக்கு ஒரம் போட வந்தவரு கக்கூஸ் கழுவிக்கினு கீறாரு" என்றாள் அவள்.

கடைசியில் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தார்கள். பறவை எங்கே, மிருகம் எங்கே என்று ஒருவராவது கேட்பார் எனக் காத்திருந்தேன். தரை எவ்வளவு சுத்தம் என்று வியந்து, கேடயம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது எங்கள் டி.வி. மேல் நிற்கிறது. செம்போத்துச் சத்தத்தில் எழுந்துகொண்டிருந்தவன் இப்போது ஷிப்ட் பஸ் ஹாரனில் எழுகிறேன். வயிறு எரிகிறது, ஐயா.

கேடயம் வாங்கியவருக்கு இந்தக் காடு போதவில்லை. உம்மிடமோ அட்டைப்பூச்சி, இருவாச்சிப் பறவை, முழங்கால் அளவு சருகு. அவருக்கு ஆயுசுக்கும் வேலை இருக்கிறது. வந்தால் ஒரு காப்பியைக் கொடுத்து வாசலோடு திருப்பி அனுப்பும். உறவு முறிந்தாலும் பரவாயில்லை.

உமக்கும், குழந்தைகளுக்கும், பெருக்கப்படாத உம் தோட்டத்துக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உம் நலம் நாடும் அத்தான்,
வனமாமலை.

பின்குறிப்பு: தபாலில் போட்டால் தாமதமாகும் என்று இதை நன்றாக ஒட்டி மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். லீவு போட்டுவிட்டு அங்கேதான் வருகிறார். டிக்கெட் எடுத்துக் கொடுத்தது நான்தான். கோபித்துக்கொள்ளாதீர். உம் காடு பெரியது, தாங்கும். அடுத்த மழை வரை அவரை அங்கேயே வைத்துக்கொள்ளும். அதற்குள் இங்கே கொஞ்சம் சருகு சேர்ந்துவிடும்.