லண்டன் ஐரோப்பாவில் இல்லை

ஒரு மனிதன் ஊருக்கெல்லாம் விசா ஆலோசனை சொல்லத் தொடங்கினால், அவனுக்கு ஆபத்து பக்கத்தில்தான் நிற்கிறது என்று அர்த்தம். 2012இல் சிட்னியின் கிரவீனில் அந்த மனிதன் நான்தான். (வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி போட்டே என் மனைவி வசுகிக்குக் கை நொந்தது.)

அந்த வருடம் லண்டனில் என் தங்கச்சி சுதாவுக்குக் கலியாணம். வன்னியில் போரின் கடைசி மாதங்களில் அப்பா போய்விட்டார். அம்மா அதற்கும் முன்பே. கன்னிகாதானம் செய்துகொடுக்க இருந்தது நான் ஒருவன்தான். பாரிசில் இருக்கும் சித்தப்பாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு, அங்கிருந்து ரயிலில் லண்டன் போவதாக ஏற்பாடு. நான் பிரான்ஸ் விசா எடுத்தேன். வசுகிக்கு அது தேவைப்படவில்லை. அவள் ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்திருந்தாள். நான் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருந்தேன். அவள் குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்தபோது, "பாஸ்போர்ட் எண்டது நாலு தாள் கொப்பிதானே" என்று தத்துவம் பேசியவன் நான்.

"இஞ்சேருங்கோ, லண்டனுக்கு வேற விசா வேணுமாம். ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

"உமக்கு ஆர் சொன்னது? ஐரோப்பாவுக்குள்ள இப்ப எல்லையே இல்லை. பிரான்சில ஏறி ஜெர்மனியில இறங்கலாம்."

"அது ஜெர்மனி. நான் கேக்கிறது லண்டன்."

"லண்டன் என்ன, ஆபிரிக்காவிலயோ இருக்கு?"

அந்தப் பதிலின் அழகில் நானே மயங்கிப்போனேன்.

கலியாணத்துக்கு முதல் நாள், பாரிஸ் ரயில் நிலையம். ரயில் ஏறுமுன்பே பிரித்தானிய அதிகாரிகள் பாஸ்போர்ட் பார்ப்பார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரியவந்தது. சித்தப்பாவும் சித்தியும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நடந்தார்கள். வசுகிக்கு ஒரு முத்திரை, ஒரு புன்னகை. என்னுடையதை அந்தப் பெண் அதிகாரி எதையோ தொலைத்தவள் மாதிரி முன்னும் பின்னும் புரட்டினாள்.

பிரித்தானிய விசா எங்கே என்றாள். பிரான்ஸ் விசாவைக் காட்டினேன். ஐரோப்பா ஒன்றுபட்ட வரலாற்றையும் விளக்கினேன். (பின்னால் நின்ற வரிசை முழுவதும் கேட்டுப் பயனடைந்தது.) கடைசி ஆயுதமாக, நான் சிட்னியிலிருந்து வருகிறேன் என்றேன்.

"ஆனால் நீங்கள் ஆஸ்திரேலியர் இல்லையே" என்றாள், மிக மரியாதையாக.

வசுகி திரும்பி ஓடிவந்தாள். "நானும் நிக்கிறன்."

"நீர் போம். சுதா தனிச்சுப்போவாள்."

என் பட்டு வேட்டி இருந்த பெட்டியும் அவளோடு போய்விட்டது. அடுத்த நாள் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு சித்தப்பாதான் சுதாவைக் கைபிடித்துக் கொடுத்தார். நான் அவருடைய வெறும் வீட்டில், முதல்நாள் புட்டைத் தின்றுகொண்டு, வசுகி அங்கிருந்து நேரலையில் காட்டியதைக் கணினியில் பார்த்தேன். தாலி கட்டும் நேரம் பார்த்துப் படம் அசையாமல் நின்றது. சுதாவின் கண்கள் பாதி மூடியிருந்தன. மேளம் மட்டும் கேட்டது. அழுதாளா என்று தெரியவில்லை.

சிட்னிக்குத் திரும்பிய கையோடு பரீட்சை எழுதினேன். இப்போது ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் இருக்கிறது. லண்டனில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

வீட்டில் யார் பக்கத்திலுள்ள பரமட்டாவுக்குச் சாமான் வாங்கப் போனாலும், "விசா எடுத்தாச்சோ?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சுதா பிள்ளையோடு எங்களிடம் வந்து நின்றபோது, வீடு நிறைந்த சனத்துக்கு வசுகி அந்த அதிகாரியைப் போலவே நடித்துக் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுதா எழும்பி, பிள்ளைக்குப் பால் கரைக்கவேண்டும் என்று குசினிக்குப் போனாள்.

பிள்ளை அப்போது நல்ல நித்திரை.