இருபத்தேழாவது குடம்

எண்ணத் தெரியும் என்பதற்காக ஒருவன் ஊருக்குத் திட்டம் போடக் கிளம்பக் கூடாது. நான் கிளம்பினேன். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியார். ஓய்வுக்குப் பின் எண்ணுவதற்குப் பிள்ளைகள் இல்லை (தேங்காய்களை எண்ணிப் பார்த்தேன், போதவில்லை).

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் வழியில் எங்கள் ஊர். தெருக்குழாயில் பகல் பதினோரு மணிக்குத் தண்ணீர் வரும். அதுவரை பெண்கள் நிழலில் நிற்க, குடங்கள் வரிசையில் நிற்கும். வரிசைச் சண்டையை ஒழிக்க, வீட்டுக்கு ஓர் எண் என்று தகர வில்லைகள் வெட்டிக் குடங்களின் கழுத்தில் கட்டினேன். வீடுகள் இருபத்தாறு. (மனைவி இறந்தபின் யாரோடும் பேசாத கோவிந்தன் கணக்கில் இல்லை. அவர் வீட்டுக் கொல்லையில் கிணறு இருக்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன்.)

குடங்கள் இருபத்தேழு.

நான்காவதாக நின்ற நசுங்கிய பித்தளைக் குடம் யாருடையது என்று கேட்டேன். பெண்கள் எல்லாரும் குழாயைப் பார்த்தார்கள். அதைக் கடைசியில் வைத்துவிட்டுத் திரும்பினேன், மீண்டும் நான்காவது. மூன்று முறை இப்படி. யாரும் நகர்ந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், குடமே இல்லை. உச்சி வெயிலில் எனக்குக் குளிர்ந்தது.

மறுநாளும் அது நான்காவதாக நின்றது. இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு, யாருடையது என்று தெருவே அதிரக் கத்தினேன். கோவிந்தனின் கதவு திறந்தது.

"எம் பொண்டாட்டிது. தெனம் அவதான் தண்ணி கொணாந்து வெச்சிட்டுப் போறா. நீ இன்னாத்துக்கு சார் அவள மறிக்கற?"

எதிர்வீட்டு சரோஜா என் காதருகே வந்தாள். "ரெண்டு வருசமா நாங்கதான் மொற வெச்சி தண்ணி வெக்கிறோம். எங்க தண்ணின்னு தெரிஞ்சா அந்த ஆளு குடிக்க மாட்டாரு. இப்ப இன்னா சொல்லப் போற?"

வில்லை கட்டத்தான் எடுத்தேன் என்று கோவிந்தனிடம் உளறினேன். அவர் மனைவியின் பெயர் கேட்டேன். காந்திமதி என்றார். வில்லையில் இருபத்தேழு என்று எழுதினேன்.

"பாத்து எழுது சார். அவ கோவக்காரி."

தண்டனையாக சரோஜா என்னையும் முறையில் சேர்த்தாள். எனக்குச் செவ்வாய்க்கிழமை. சத்தமில்லாமல் வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். ஒரு செவ்வாயன்று பத்து நிமிடம் பிந்திவிட்டது. குடத்தை இறக்கும்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "இன்னாடி, இன்னிக்கு லேட்டு?"

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னது என் தப்பு. இன்றுவரை வருகிற உறவினரிடமெல்லாம் என் மனைவி சொல்கிறாள்: "செவ்வாக்கெழமயானா எங்க வூட்டுக்காரரு கோவிந்தனுக்குப் பொண்டாட்டி."

நான் மறுப்பதில்லை. அதற்குப் பிறகு ஒரு செவ்வாயும் பிந்தியதும் இல்லை.